பார்பரா ஸ்டான்விக் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

பழைய ஹாலிவுட் நடிகைகளில் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பெயர் பார்பரா ஸ்டான்விக். கேட்டவர் அனேகமாக ‘யார் அது?’ என்பார். மர்லின் மன்றோவையும் ஆட்ரி ஹெப்பர்னையும் ஒரு படம்கூடப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். காபிக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் அவர்கள் முகம் இருக்கிறது. ஸ்டான்விக்குக்கு அந்த வகைப் புகழ் வாய்க்கவில்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து நட்சத்திரங்களில் பெரும்பாலோர் ஒரே ஸ்டூடியோவின் நீண்ட ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஸ்டூடியோவே அவர்களுக்கு ஒரு பிம்பத்தை உருவாக்கி, அதற்கேற்ற வேடங்களையே கொடுத்துவந்தது. ஸ்டான்விக் அப்படி ஓரிடத்தில் அடங்கவில்லை. கொலம்பியா, வார்னர், ஆர்.கே.ஓ., பாராமவுண்ட் என்று மாறி மாறி நடித்தார். சீட்டாட்ட மோசடிக்காரி, இரவு விடுதிப் பாடகி, புருஷனைக் கொல்லத் திட்டம் போடுகிறவள், மகளுக்காகத் தன்னையே அழித்துக்கொள்ளும் அம்மா, நாற்பது குதிரை வீரர்களைக் கட்டி ஆளும் பண்ணை முதலாளி என எல்லாமும் அவர் நடித்ததுதான். இப்படி 80-க்கும் மேல் படங்கள் இருப்பதால் எதைக் கையில் எடுப்பது என்று புதிதாக வருபவர் திணறிப்போவார். முதலில் தப்பான படத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டாவது படத்துக்கு வரவே மாட்டார். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது

அதிகம் வேண்டாம். 1907 ஜூலை 16 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். இயற்பெயர் ரூபி கேத்தரின் ஸ்டீவன்ஸ். நான்கு வயதில் அம்மா இறந்தார். குடிபோதையில் இருந்த ஒருவன் தள்ளிவிட்டதில் டிராமிலிருந்து விழுந்து அடிபட்டவர். கொஞ்ச நாளில் அப்பா பனாமா கால்வாய் வேலைக்குக் கப்பலேறினார், திரும்பி வரவில்லை. அக்கா தயவிலும் அடுத்தவர் வீடுகளிலும் வளர்ந்த பெண், பதினைந்து பதினாறு வயதில் பிராட்வேயில் கோரஸ் ஆட்டக்காரி. 1926-இல் ஒரு நாடகத்தில் பெயர் கிடைத்தபோதுதான் பார்பரா ஸ்டான்விக் ஆனார். அந்தப் பெயரும் ஒரு பழைய நாடக அறிவிப்பிலிருந்து எடுத்து ஒட்டியது.

சினிமாவில் அவரைக் கண்டுபிடித்தவர் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. 1930-இல் ‘லேடீஸ் ஆஃப் லீஷர்’ படத்தை எடுக்கும்போது காப்ரா ஒன்றைக் கவனித்தார். இந்தப் பெண் முதல் டேக்கில் கொடுப்பதை அடுத்த டேக்கில் கொடுப்பதில்லை. ஒத்திகையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அதனால் மற்ற நடிகர்களை வைத்து ஒத்திகை முடித்துவிட்டு இவரைக் கடைசியில் அழைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் நடிப்பில் இருக்கும் அந்தத் ‘திடீர்’ எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இவர் படத்தைப் பார்க்கும்போது, எதிரே இருப்பவர் பேசுகிற நேரத்தில் இவர் முகத்தைப் பாருங்கள். வசனம் சொல்லும்போது நன்றாக நடிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அடுத்தவர் சொல்வதை அப்போதுதான் முதன்முறை கேட்பதுபோலக் கேட்டு, அது உள்ளே போய் ஏதோ செய்வதைக் காட்டுகிறவர்கள் குறைவு. ஸ்டான்விக்கின் சொத்தே அந்தக் கேட்கும் முகம்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படத்திலும் அந்த ஒன்றைத் தேடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

படம் போடுவதற்கு முன்

டிவியின் அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். 1953-க்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் ஏறக்குறைய சதுரத் திரைக்கு எடுக்கப்பட்டவை. படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிவதுதான் சரி. ‘திரை நிறைய வரட்டுமே’ என்று இழுத்துவிட்டால் எல்லார் முகமும் பூசணிக்காயாகிவிடும். அசைவை மிருதுவாக்கும் வசதி ஒன்று இப்போதைய டிவிகளில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். நம் ஆங்கிலம் போதாது என்பதல்ல விஷயம். 1930-40களின் நகைச்சுவைப் படங்களில் வசனம் துப்பாக்கி வேகத்தில் வரும், ஒலிப்பதிவும் பழசு. அமெரிக்கர்களே சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். தமிழ் சப்டைட்டில் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். செயற்கையாக வண்ணம் பூசிய பிரதி கண்ணில் பட்டால் ஒதுக்குங்கள். இந்தப் படங்களில் ஒளிப்பதிவாளர்கள் நிழலைத்தான் வண்ணமாகப் பயன்படுத்தினார்கள்.

எங்கே கிடைக்கும்? ஓ.டி.டி. தளங்களில் இன்று இருப்பது நாளை இருக்காது, ஆகவே தளத்தின் பெயர் சொல்லிப் பயனில்லை. வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கிறதா என்று படப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இதே பெயர்களில் வேறு படங்களும் உண்டு என்பதால் ஆண்டு முக்கியம். வட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்க ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் ஏ மண்டலத்துக்கானவை. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சி. பிளேயர் எல்லா மண்டலமும் ஓட்டக்கூடியதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 4கே வட்டுகளில் இந்தத் தொல்லை அனேகமாக இல்லை. கிரைடீரியன் நிறுவனம் ‘தி லேடி ஈவ்’, ‘டபுள் இன்டெம்னிட்டி’, ‘தி ஃப்யூரீஸ்’, ‘ஃபார்ட்டி கன்ஸ்’ நான்கையும் நல்ல பிரதிகளாக வெளியிட்டிருக்கிறது.

காசே செலவழிக்காமல் பார்க்க வேண்டுமென்றால், காப்ராவின் ‘மீட் ஜான் டோ’ (1941), ‘தி ஸ்ட்ரேஞ்ச் லவ் ஆஃப் மார்த்தா ஐவர்ஸ்’ (1946) ஆகிய இரண்டும் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமை ஆனவை. இணையத்தில் சட்டப்படியே இலவசம். ஆனால் அதே காரணத்தால் கண்டவர்களும் கண்டபடி பிரதி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்தைக் குறை சொல்லக் கூடாது. இரண்டுமே முதல் படமாகப் பார்க்க ஏற்றவை அல்ல என்பது வேறு விஷயம்.

முதல் படம்: தி லேடி ஈவ் (1941)

திரைப்பட ரசிகர்கள் பலரும் ‘டபுள் இன்டெம்னிட்டி’யிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை முதலில் பார்த்தால் அதன்பின் இவர் எந்தப் படத்தில் சிரித்தாலும் ‘இந்தம்மா என்ன சதி செய்கிறாரோ’ என்றே தோன்றும். முதலில் இவரைப் பிடிக்க வேண்டும். அதற்கு இதுதான் படம்.

எழுதி இயக்கியவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். ஜீனும் அவள் அப்பாவும் கப்பலில் போகும் பணக்காரர்களைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைப்பவர்கள். அமேசான் காட்டில் ஒரு வருடம் பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டு அதே கப்பலில் ஏறுகிறான் பீர் கம்பெனி வாரிசான ஹென்றி ஃபோண்டா. பெண்களைப் பார்த்தால் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளும் ரகம்.

சாப்பாட்டு அறைக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அவன் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். அறையில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவன் கவனத்தை இழுக்க ஏதேதோ செய்கிறார்கள். ஜீன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து சிறிய கண்ணாடியை எடுத்து, உதட்டுச் சாயத்தைச் சரிபார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, அதில் தெரியும் ஒவ்வொருத்தியின் முயற்சியையும் கிரிக்கெட் வர்ணனைபோல அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். யார் என்ன நினைக்கிறார்கள், அடுத்து என்ன செய்வார்கள், ஏன் தோற்பார்கள் என எல்லாமே அவளுக்கு முன்கூட்டித் தெரிகிறது. நாம் பார்ப்பது கண்ணாடிக்குள் தெரியும் படத்தை. கேட்பது அவள் குரலை. ஒரு பெண்ணே இயக்குநராக உட்கார்ந்து படம் ஓட்டுகிறாள் என்று சொல்லலாம். கடைசியில் அவன் எழுந்து வெளியே நடக்கிறான். அவள் காலை நீட்டுகிறாள். அவன் விழுகிறான். விழுந்தவனையே ‘என் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டாயே’ என்று திட்டி, வேறு செருப்பு மாட்ட அறைக்கு அழைத்துப் போகிறாள்.

அதற்குச் சற்றுப் பின்னால் வரும் ஒரு ஷாட்டையும் தவறவிடாதீர்கள். அவள் சாய்ந்து படுத்திருக்கிறாள்; பக்கத்தில் தரையில் அவன். அவன் தலையைக் கையால் வளைத்து, முடியைக் கோதிக்கொண்டே பேசுகிறாள். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, இடையில் ஒரு வெட்டுகூட இல்லை. அவனை வீழ்த்தத் தொடங்கியவள் எந்த விநாடியில் தானே விழுகிறாள்? இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த விநாடியைத் தேடுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு இடம் தட்டுப்படுகிறது.

படத்தின் பின்பாதியில் அவள் இங்கிலாந்துச் சீமாட்டியாக அவன் வீட்டுக்கே வருகிறாள். மாறுவேடம் கிடையாது, மச்சம் கிடையாது, ஒரு விக்கூட இல்லை. உச்சரிப்பும் உடையும் மட்டும் வேறு. இவ்வளவு அப்பட்டமாக ஒரே மாதிரி இருக்கிறாள் என்றால் கண்டிப்பாக வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அறிவாளி முடிவுகட்டுகிறான். இரட்டை வேடப் படங்களிலேயே ஊறிய நமக்கு இந்த நகைச்சுவை கூடுதலாகவே ருசிக்கும். உடைகள் ஈடித் ஹெட் வடிவமைத்தவை. அதுவரை ஆடம்பர உடைக்குப் பொருந்தாதவர் என்று கருதப்பட்ட ஸ்டான்விக்கின் இடுப்பு அமைப்புக்கு ஏற்ப பட்டையின் வெட்டை மாற்றி, அவரை நாகரிக நாயகி ஆக்கியவர் அவர்.

இரண்டாவது படம்: பால் ஆஃப் ஃபயர் (1941)

அதே ஆண்டு, இன்னொரு நகைச்சுவை. கலைக்களஞ்சியம் எழுதுவதற்காக ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் எட்டுப் பேராசிரியர்கள். அவர்களில் இளையவர் கேரி கூப்பர், கொச்சைமொழி பற்றிய கட்டுரைக்காகத் தெருவுக்கு வந்து இரவு விடுதிப் பாடகி ஒருத்தியைச் சந்திக்கிறார். போலீசிடமிருந்து ஒளிய இடம் தேடும் அவள் நேரே அந்த வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இயக்கம் ஹாவர்ட் ஹாக்ஸ்; திரைக்கதை பில்லி வைல்டரும் சார்லஸ் பிராக்கெட்டும். கூப்பர் உயரத்துக்கு எட்டி முத்தம் கொடுக்கப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள், போதும். பாடும் குரல் அவருடையதல்ல, மார்த்தா டில்டனுடையது. அதை மனதில் போட்டுக்கொண்டு ரசிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ‘லேடி ஈவ்’வுக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்கர் குழுவின் ரசனையைப் பற்றி இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வைல்டர் இந்தப் படப்பிடிப்புத் தளத்தில் ஹாக்ஸ் பக்கத்திலேயே நின்று இயக்கம் கற்றார். அடுத்த படத்துக்கான கண்ணி அதுதான்.

மூன்றாவது படம்: டபுள் இன்டெம்னிட்டி (1944)

இப்போது நீங்கள் தயார். இருண்ட குற்றப்படங்கள் என்ற வகைக்கே இலக்கணமாகச் சொல்லப்படும் படம். ஜேம்ஸ் எம். கெய்னின் கதை, இயக்கம் வைல்டர், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவன், காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்ல நினைக்கும் பெண்ணோடு சேர்கிறான். முதல் சில நிமிடங்களிலேயே அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவதால், யார் செய்தது என்ற மர்மம் இதில் இல்லை.

முழுக் கொலைகாரியாக நடிக்க ஸ்டான்விக் தயங்கினார். ‘நீ எலியா, நடிகையா?’ என்று வைல்டர் கேட்டதாக ஸ்டான்விக்கே சொல்லியிருக்கிறார். தலையில் ஒரு மட்டமான பொன்னிற விக்கை வைத்து நடிக்கவைத்தார் வைல்டர். ஸ்டான்விக்கை வாடகைக்கு எடுத்தோம், (ஓவியங்களில் வெள்ளைத் தலையோடு தெரியும் முதல் அமெரிக்க அதிபர்) ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறார் என்று பாராமவுண்ட் தயாரிப்புத் தலைவர் புலம்பினாராம். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாருமே அந்த விக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். போலி என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த விக் அது. அவளிடம் எல்லாமே போலி, அது அவனுக்கும் தெரியும், தெரிந்தே போகிறான்.

கவனிக்க வேண்டிய இடம் கொலை. காரை அவள் ஓட்டுகிறாள். பக்கத்தில் கணவன். பின்சீட்டுக்கடியில் ஏஜெண்ட் ஒளிந்திருக்கிறான். இருட்டான தெருவில் திரும்பி, ஹார்னை மூன்று முறை அடிக்கிறாள், அதுதான் சைகை. கழுத்து நெரிபடும் சத்தம் நமக்குக் கேட்கிறது, ஆனால் கேமரா கணவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தில் நிற்கிறது. கண்கள் சாலையைப் பார்க்கின்றன. அவள் பதறவில்லை, சிரிக்கவும் இல்லை; ஆனால் ஏதோ ஒன்று அந்த முகத்தில் நிறைவேறுகிறது. தணிக்கைக்காரர்கள் கொலையைக் காட்ட விடமாட்டார்கள் என்பதால் அந்த முகத்தைக் காட்டினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், காட்டியிருந்தால் இவ்வளவு கொடூரமாக இருந்திருக்காது. கேட்கும் முகம் என்று மேலே சொன்னேனே, அதன் உச்சம் இது.

அந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒரு விருதும் கிடைக்கவில்லை. ஸ்டான்விக்குக்கு இது மூன்றாவது பரிந்துரை. அந்த ஆண்டு நடிகை விருது இங்ரிட் பெர்க்மனுக்குப் போனது. அதே 1944-இல் அமெரிக்காவிலேயே மிக அதிகம் சம்பாதித்த பெண் என்று வருமான வரித்துறை கணக்கில் வந்தவர் ஸ்டான்விக்.

இனி பின்னால் போகலாம்: 1934-க்கு முந்தைய படங்கள்

1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில், படத்தில் எதைக் காட்டலாம், எதைக் கூடாது என்ற தயாரிப்பு விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுப் படங்களில் இருக்கும் துணிச்சல், பின்னால் வந்த முப்பது ஆண்டுகளுக்கு இல்லை. ‘பாட்டி காலத்துப் படம்தானே’ என்று வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

‘பேபி ஃபேஸ்’ (1933) கட்டாயம். சாராயக்கடை நடத்தும் அப்பனாலேயே ஆண்களிடம் தள்ளிவிடப்பட்டு வளர்ந்த லில்லி, நியூயார்க் வந்து ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்கிறாள். அதன்பின் ஒவ்வொரு ஆணாக, ஒவ்வொரு மாடியாக ஏறுகிறாள். நிஜமாகவே மாடிதான்: அவள் உயர உயர, கேமரா கட்டடத்தின் வெளிச்சுவரில் ஜன்னல் ஜன்னலாக மேலே ஏறி, அடுத்த இலாகாவின் பெயரைக் காட்டுகிறது. கீழ்த்தளத்தில் அவளிடம் சிக்கிக் கழற்றிவிடப்படுபவர்களில் ஒருவர், பின்னாளில் கௌபாய் நாயகனாகப் புகழ்பெற்ற ஜான் வெய்ன், இங்கே கோட்டும் டையும் போட்ட இளைஞராக! லில்லியோடு கடைசிவரை கூடவே வரும் கறுப்பினத் தோழியாக தெரீசா ஹாரிஸ். அந்தக் காலப் படங்களில் இப்படியொரு நட்பைப் பார்ப்பது அரிது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நியூயார்க் தணிக்கையில் மாட்டிக்கொண்டதால் படத்தை வெட்டி, வசனம் மாற்றி, முடிவையும் திருத்தித்தான் 1933-இல் வெளியிட்டார்கள். எழுபது ஆண்டுகள் உலகம் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்த நெகட்டிவ் ஒன்று வழக்கத்தைவிட நீளமாக இருப்பதைக் கண்டு ஓட்டிப் பார்த்தபோது வெட்டப்படாத படம் கிடைத்தது. வெட்டியது 71 நிமிடம், வெட்டாதது 76. படம் போடும்முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். லில்லியிடம் கிழட்டுச் செருப்புத் தொழிலாளி ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் படித்துக் காட்டி, ஆண்களைப் பயன்படுத்திக்கொள் என்று சொல்லும் இடத்தை, தணிக்கைப் பிரதியில் நல்லொழுக்க உபதேசமாக மாற்றியிருக்கிறார்கள். படத்தின் முதுகெலும்பையே உருவி எடுத்த மாதிரி.

பிடித்திருந்தால் ‘நைட் நர்ஸ்’ (1931) பாருங்கள். 72 நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கும் டிரைவராக கிளார்க் கேபிள். காப்ராவின் ‘தி பிட்டர் டீ ஆஃப் ஜெனரல் யென்’ (1933) அழகான படம், ஆனால் சீனத் தளபதியாக நடித்திருப்பவர் நீல்ஸ் ஆஸ்தர் என்ற ஸ்வீடன்காரர். கண்ணை இழுத்துக் கட்டிய அந்த ஒப்பனை இன்று பார்க்க உறுத்தும். தெரிந்துகொண்டு பாருங்கள்.

கைக்குட்டை எடுத்துக்கொண்டு: ஸ்டெல்லா டாலஸ் (1937)

அம்மா சென்டிமென்ட்டில் நமக்குப் பாடம் எடுக்க ஹாலிவுட்டால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் படம். இயக்கம் கிங் விடார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு இவர் மேல் நம்பிக்கை இல்லை. பத்தாண்டு அனுபவமுள்ள நட்சத்திரத்தை ஸ்கிரீன் டெஸ்ட் செய்துதான் எடுத்தார்.

ஸ்டெல்லா ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண். மேட்டுக்குடி ஆணைக் கட்டிக்கொண்டு, ஒட்டாமல் பிரிந்து, மகளைத் தனியாக வளர்க்கிறாள். பளபளப்பாக, நகை நகையாக, ஊரே திரும்பிப் பார்க்கும்படி உடுத்துவதுதான் அழகு என்று நினைப்பவள். ஒரு விடுதியில் மகளின் பணக்காரத் தோழிகள் முன் அப்படி வந்து நிற்க, மகள் கூனிக்குறுகி, காரணம் சொல்லாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள். இரவு ரயில். அம்மாவும் மகளும் தனித்தனிப் படுக்கைகளில். திரைக்கு அந்தப் பக்கம் அதே தோழிகள், விடுதியில் பார்த்த அந்தக் கோமாளிப் பெண்ணைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறார்கள். ஸ்டெல்லாவின் கண் திறந்திருக்கிறது. அவர்கள் பேசுவது தன்னைத்தான் என்று அவளுக்கு விளங்குவது நமக்குத் தெரிகிறது. அம்மா இதைக் கேட்டிருப்பாளோ என்று பதறி மகள் அவள் படுக்கைக்கு வருகிறாள். அந்தக் கணத்தில் ஸ்டெல்லா கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிக்கிறாள். மகள் நிம்மதியாகி அம்மா பக்கத்தில் ஒண்டிப் படுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள்; இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் காட்சியில் ஸ்டான்விக்குக்கு வசனமே கிடையாது.

கடைசிக் காட்சியைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. மழை பெய்யும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். வாழ்நாள் முழுக்கத் தனக்கு மிகவும் பிடித்த வேடங்களில் ஒன்றாக இதைத்தான் அவர் சொன்னார். முதல் ஆஸ்கர் பரிந்துரையும் இதற்குத்தான். விருது லூயிஸ் ரெய்னருக்குப் போனது.

ஒரே ஜோடி, மூன்று படம்

இது என் சொந்த யோசனை, விருப்பமிருந்தால் செய்து பாருங்கள். ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் ஏஜெண்ட் ஃபிரெட் மெக்மரேயோடு ஸ்டான்விக் நான்கு படங்கள் நடித்திருக்கிறார். அதில் ‘தி மூன்லைட்டர்’ (1953) சுமார், விட்டுவிடலாம். மற்ற மூன்றையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள்.

முதலில் ‘ரிமெம்பர் தி நைட்’ (1940). ஸ்டர்ஜஸ் எழுதி மிட்செல் லெய்சன் இயக்கியது. இவள் நகைக்கடையில் திருடி மாட்டியவள். அவன் அரசு வழக்கறிஞர். வழக்கு கிறிஸ்துமஸுக்குப் பிறகு தள்ளிப்போக, சிறையில் விடிய வேண்டாமே என்று ஜாமீனில் எடுத்து ஊருக்கு அழைத்துப் போகிறான். வழியில் அவள் வீடு. பல வருடம் கழித்து வந்து நிற்கும் மகளைப் பார்த்து அம்மா காட்டும் வெறுப்பு, வெளிச்சமே இல்லாத அந்த வாசல், திரும்பி வரும்போது இவர் முகம்... நகைச்சுவைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தவர்களை அந்தக் காட்சி அடித்துப்போடும். இந்தப் படப்பிடிப்பின்போதுதான், உனக்காகவே ஒரு நகைச்சுவை எழுதுகிறேன் என்று ஸ்டர்ஜஸ் வாக்குக் கொடுத்தார். அது ‘லேடி ஈவ்’ ஆயிற்று.

அடுத்து ‘டபுள் இன்டெம்னிட்டி’யை மறுபடியும். மூன்றாவதாக டக்ளஸ் சர்க் இயக்கிய ‘தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ’ (1956). மெக்மரே இப்போது பொம்மைக் கம்பெனி முதலாளி, நடுவயதுக் குடும்பத்தலைவர். வீட்டில் யாரும் அவரைச் சட்டைசெய்வதில்லை. முன்பு அவரைக் காதலித்த ஸ்டான்விக் திரும்பி வருகிறார். 1940-இல் காதலித்து, 1944-இல் கொலை செய்து, 1956-இல் இருவரும் எதுவும் செய்யாமல் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த நரைத்த முகங்களில் பழைய இரண்டு படங்களும் தெரியும். இது எந்த இயக்குநரும் திட்டமிட்டதல்ல. ஸ்டூடியோ முறையின் தற்செயல்.

குதிரையும் துப்பாக்கியும்

வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்கள் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் ஸ்டான்விக்குக்கு மிகப் பிடித்த வகை அதுதான். ‘தி ஃப்யூரீஸ்’ (1950) அந்தோனி மேன் படம். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே நிலத்துக்கான போர். ஒரு கத்தரிக்கோல் பறக்கும், தயாராக இருங்கள். சாமுவேல் ஃபுல்லரின் ‘ஃபார்ட்டி கன்ஸ்’ (1957) எண்பது நிமிடப் பைத்தியக்காரத்தனம். இது அகலத்திரைப் படம், ஆகவே கறுப்புப் பட்டை மேலும் கீழும் வரும். வெள்ளைக் குதிரையில் கறுப்பு உடையில் ஸ்டான்விக் முன்னால் வர, பின்னால் நாற்பது பேர் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் தொடக்கத்தைப் பெரிய திரையில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கால் அங்கவடியில் மாட்டிக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் காட்சியை, சண்டைக் கலைஞர் செய்ய மறுத்ததால், ஐம்பது வயதை ஒட்டிய ஸ்டான்விக்கே செய்தார்.

இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியவை

‘சாரி, ராங் நம்பர்’ (1948) எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நான்காவது, கடைசி ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான். படுத்த படுக்கையில் இருக்கும் பெண், தொலைபேசியில் ஒரு கொலைத் திட்டத்தை ஒட்டுக்கேட்டுவிடுகிறாள். கேட்பதில் இவ்வளவு தேர்ந்தவருக்குத் தொலைபேசியை விடப் பொருத்தமான துணை நடிகர் உண்டா? ஆனால் படம் அவரைக் கேட்கவிடாமல் கத்தவிட்டுவிடுகிறது. மற்றதெல்லாம் பார்த்த பிறகு பாருங்கள். ‘டைட்டானிக்’ (1953) பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கப்பல் அதே கப்பல்தான், கதை விவாகரத்துக் கதை. எல்விஸ் பிரஸ்லியோடு நடித்த ‘ரௌஸ்டபவுட்’ (1964) எல்விஸ் ரசிகர்களுக்கு.

போட்டி விருதாக ஆஸ்கர் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1982-இல் கௌரவ விருது கொடுத்தார்கள். மேடையில் அவர் நினைவுகூர்ந்தது வில்லியம் ஹோல்டனை. 1939-இல் ‘கோல்டன் பாய்’ படத்தில் அறிமுக நாயகனான ஹோல்டனை ஸ்டூடியோ தூக்கியெறியப் பார்த்தபோது, கூட நின்று வசனம் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றியவர் ஸ்டான்விக். விருது வாங்கியதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஹோல்டன் இறந்திருந்தார். அந்த உரையின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. ‘கோல்டன் பாய்’ படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள், படம் சுமாராக இருந்தாலும்.

தொலைக்காட்சிக்குக் கடைசியில் வாருங்கள். ‘தி பிக் வேலி’ (1965–69) நூற்றுக்கு மேல் எபிசோடுகள் கொண்ட பண்ணைத் தொடர். அம்மாவாக வருகிறார், எம்மி விருதும் வாங்கினார். நாலைந்து எபிசோடு போதும். ‘தி தோர்ன் பேர்ட்ஸ்’ (1983) குறுந்தொடரில், எழுபத்தைந்து வயதில், தன்னைவிட மிக இளைய பாதிரியார் மேல் ஆசைப்பட்டுத் தவிக்கும் கிழவியாக நடித்து இன்னொரு எம்மி வாங்கினார். முதல் பகுதியிலேயே அவர் பாத்திரம் செத்துப்போகிறது. அதற்குப் பிறகும் தொடர் பல மணி நேரம் ஓடும். அதைப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம்.